சாட்சிக் கூட்டில் நான் சொல்லப்போவது

அன்பு மகனுக்கு,

இரண்டு மைல்கட்டை தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிற தாய் இந்த யாழ்ப்பாணத்திலே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தபால்காரன்கூடச் சிரிப்பான். என்ன செய்வது, நேரில் பேசத் தொடங்கினால் நீ சைக்கிளை எடுத்துவிடுகிறாய். போன கிழமை நான் உன் மகள் சரசுவின் பேரைச் சொல்லி வாய் திறந்ததும், தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனாய். கடிதம் என்றால் நீ கோபத்தில் மேசையில் எறிந்தாலும் அது அங்கேயே கிடக்கும். கோபம் ஆறின பிறகு எடுத்து வாசிக்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்னைப் படிப்பித்ததற்கு இது ஒன்றாவது பிரயோசனப்படட்டும். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், உன் எழுத்தும் ஒன்றும் அச்சடித்தது போல இராது.

உன் வழக்கை நடத்துகிற பிரக்கிராசியின் குமாஸ்தா போன வெள்ளிக்கிழமை வந்தான். வருகிற திங்கட்கிழமை நான் கோட்டுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். அதற்கு முதல் பிரக்கிராசியே ஒருநாள் வந்து, உன் அக்கா வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, எனக்குப் பாடம் சொல்லித் தந்துவிட்டுப் போனார். நீயும் பக்கத்தில் இருந்தாய். சட்டம் தகப்பன் பக்கம்தான் என்று அவர் சொன்னார். பெற்ற பிள்ளையில் முதல் உரிமை தகப்பனுக்கு. தகப்பனிடம் விட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று காட்டினால் ஒழிய அதை மறுக்க முடியாது என்றார். ஒரேயொரு இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது என்று என்னைப் பார்த்தார். "ரயில் கந்தோரிலை வேலை செய்யிற ஆம்பிளை, பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி வளர்ப்பார் எண்டு ஜட்ஜ் கேப்பார் ஆச்சி. அந்தக் கேள்விக்கு மறுமொழி நீங்கள்தான்." நான் தலையை ஆட்டினேன். உடம்பில் குறை ஒன்றும் இல்லை, மகளும் துணைக்கு வீட்டில் இருக்கிறாள், பேத்தியை நானே வளர்ப்பேன் என்று மூன்று வசனம் சொன்னால் போதும், கூடக் குறையப் பேச வேண்டாம் என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன். உன் வழக்கு முழுவதும் என் தலையில்தான் நிற்கிறது என்று எனக்கு விளங்கினது அவர் போன பிறகுதான்.

உனக்கும் உன் மனைவி பாக்கியத்துக்கும் இடையில் யார் பிழை என்று நான் இதில் எழுதப் போவதில்லை. சரசுவின் காதுகுத்துக்கு நானும் மானிப்பாய்க்கு வந்திருந்தேன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். தாய்மாமன் மடியில் பிள்ளையை இருத்திக் காது குத்துவது எங்களுக்குள் இன்றைக்கு நேற்று வந்த வழக்கமல்ல. காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்ததும் நீ கிட்டப்போய்க் குனிந்து பார்த்தாய். பாக்கியத்தின் தமையன் உன்னைப் பார்த்து, "மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, பத்தருக்கு வெளிச்சம் மறைக்குது" என்றான். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஊசி பிழைத்துவிடும் என்ற பயத்தில் சொன்னான். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்றைக்குப் பின்னேரம் நீ உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாய். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் வெளிச்சத்தை மறைக்கிறவனாகத்தான் இருந்தேன் அம்மா என்று சொன்னாய். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஓர் ஆண்பிள்ளை மனைவியின் சீதன வீட்டில் மாமனாரின் சொல்லுக்குள் இருப்பது எப்படிப்பட்டது என்று பெண்களாகிய எங்களுக்குத் தெரியாது. உன் அப்பாவும் என் வீட்டுக்கு வந்தவர்தான். அவர் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்து இறங்கின வீடும் உன்னுடையதல்ல, என்னுடையதும் அல்ல. எனக்குச் சீதனமாக வந்த வீட்டை உன் அக்காவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் அவளுடைய பக்கத்து அறையில் இருக்கிற ஆள். உன் அத்தான் நல்ல மனுஷன், ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நீயும் அவரும் எதிரெதிரே இருந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பாக்கியத்தின் தமையனுக்கு முகம் கொடுக்காமல் இருந்தது போலத்தான் இங்கே அத்தானோடும் இருந்தாய். பிறகு கொக்குவிலில், ஸ்டேசனுக்குக் கிட்ட, மதில் கட்டின வளவுக்குள்ளே ஒரு வாடகை வீடு எடுத்தாய். உன் கோபம் ஆறிவிட்டது, மனைவியைக் கூப்பிட்டுத் தனியாக வாழப்போகிறாய் என்று நான் சந்தோஷப்பட்டேன். புதுப் பானையும் சுளகும் வாங்கிக் கொடுத்துவிட்டது நான்தான்.

அந்த வீடு எதற்கு என்று பிரக்கிராசி விறாந்தையில் இருந்து விளக்கினபோதுதான் எனக்குப் பொறி தட்டினது. எங்கே வைத்துக் குடும்பம் நடத்துவது என்று முடிவு செய்கிற அதிகாரம் சட்டப்படி புருஷனுக்காம். புருஷன் ஒரு வீட்டை எடுத்து வா என்று முறையாகக் கூப்பிட்டு மனைவி வரமாட்டேன் என்றால், வேண்டுமென்றே கைவிட்டவள் மனைவியாம். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவன் நீ. கோட்டில் கைவிட்டவள் என்று பேர் வாங்கப்போகிறவள் பாக்கியம். எங்கள் பக்கத்துப் பெண் எவளாவது, தகப்பன் பாரிசவாதத்தில் படுத்திருக்க, சீதனமாகத் தந்த வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மூன்று கட்டை தள்ளி வாடகை வீட்டுக்குப் போவாளா? போகமாட்டாள் என்று பிரக்கிராசிக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்துதான் ஊர் விதானையாரைக் கொண்டு ஆள் அனுப்பிக் கூப்பிட்டாய். அவள் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் நீ அவளைக் கூப்பிட்டாய், தம்பி. நான் வாங்கித் தந்த பானையில் இதுவரைக்கும் ஒருநாளாவது சோறு காய்ச்சினாயா? கடைச் சாப்பாடு என்று அக்காவிடம் சொன்னாயாம்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போன பெரியம்மாவைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என் மூத்த அக்கா. அவளுடைய புருஷன் சொந்த மச்சான், பக்கத்து வளவு. பிள்ளைகள் இரண்டு பேரும் நடக்கத் தொடங்கின காலத்தில், புகையிலைத் தோட்டத்துத் தண்ணீர் முறையில் அவருக்கும் எங்கள் ஐயாவுக்கும் சண்டை வந்தது. அவர் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். கோடும் இல்லை, கச்சேரியும் இல்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடியிருந்து பேசினார்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த படலையைக் கழற்றி அந்த இடத்தைத் தென்னங்கிடுகு வைத்து அடைத்தார்கள். ஆனால் மூலையில் ஒரு பொட்டு, ஒரு சின்ன ஓட்டை விட்டார்கள். பெரிய ஆள் போக முடியாது, குனிந்தாலும் போக முடியாது. பிள்ளைகள் மட்டும் நுழையலாம். ஒவ்வொரு வருஷமும் வேலி அடைக்கிற காலத்தில் புதுக் கிடுகு கட்டுவார்கள், அந்தப் பொட்டை மட்டும் விட்டுவிட்டுக் கட்டுவார்கள். பையன்கள் காலையில் தாயிடம் கஞ்சி குடித்துவிட்டு அதால் நுழைந்து போவார்கள். பின்னேரம் தகப்பனோடு தோட்டத்துக்குப் போய் வந்து, முழங்காலில் மண்ணோடு திரும்ப நுழைவார்கள். யாரும் நாள் குறிக்கவில்லை, நேரம் குறிக்கவில்லை.

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதே. பொட்டால் போய்வரப் பிள்ளைகளுக்குத்தான் வழி இருந்தது, அக்காவுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. சில வருஷத்தில் அவர் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பையன்கள் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்து, அங்கே கறி நல்லாயிருக்கிறது என்று தாயிடம் சொல்வார்கள். அவள் ஓம் ராசா என்பாள். கழுத்தில் தாலி இருந்தது, புருஷன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தான், மனைவியா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் ஒருநாள் அந்த வளவில் சாவுப் பறை கேட்டது. அக்கா கிணற்றடியில் நின்றாள். நான் அவளோடு நின்றேன். தான் தாலியைக் கழற்ற வேண்டியவளா, கழற்றத் தேவையில்லாதவளா என்று அவள் என்னிடம் கேட்டாள். அவளைவிட நான் இளையவள், எனக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வந்து சொல்லவுமில்லை, கூப்பிடவுமில்லை. பிள்ளைகளைத்தான் கொள்ளி வைக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவள் தானே கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். அவளுக்கு ஒரு கோட்டுத் தீர்ப்பாவது இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திராது.

அதனால்தான் நான் சட்டத்துக்கு எதிரான ஆள் அல்ல. உன் அத்தான் பின்னேரத்தில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார் அல்லவா, அண்மையில் விவாகரத்துச் சட்டத்தை இளக்க வேண்டும் என்று கொழும்பில் பேசுகிறார்கள் என்று வாசித்துவிட்டுச் சிரித்தார். இனிப் பெண்கள் எல்லாரும் கோட்டு வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்றார். எங்களையும் வோட்டுப் போட வரிசையில் நிறுத்தினீர்கள், உலகம் கவிழ்ந்துவிடவில்லையே மருமகன் என்று கேட்டேன். அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஒத்துவராத இரண்டு பேர் பிரியட்டும். பாக்கியம் நாளைக்கு வேறு ஒருவனை முடிக்க விரும்பினால் முடிக்கட்டும், நீயும் முடி. அதற்குச் சட்டம் இருப்பது நல்லது. ஆனால் அந்தச் சட்டம் புருஷனையும் மனைவியையும் பிரித்துவிட்டு, பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, இது யாருடையது என்று வயலைக் கேட்பது போலக் கேட்கிறதே, அந்த இடத்தில்தான் எனக்குப் பயம். பிள்ளையை மற்றவர் எப்போது பார்ப்பது என்று நான் கேட்டேன். ஜட்ஜ் நாள் போட்டுத் தருவார் என்று பிரக்கிராசி சொன்னார். மாதத்தில் ஒரு நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, பொதுவான ஒருவர் வீட்டில் தாய் வந்து பார்க்கலாமாம். மற்ற நாட்களில் ஆள் போக்குவரத்து வைத்துக்கொண்டால் பிள்ளை புது வீட்டில் ஒட்டாது, அதனால் ஒன்றும் வேண்டாம் என்றார். நீ அதற்குத் தலையை ஆட்டினாய்.

பிள்ளை எங்கள் வீட்டில் பழகியிருக்கிறது என்று ஜட்ஜுக்குக் காட்ட வேண்டும் என்று, பொங்கலுக்குச் சரசுவைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாயே, அந்த நாட்களைப் பற்றி உன்னிடம் நான் முழுவதும் சொல்லவில்லை. நீ வேலைக்குப் போய்விட்டாய், பார்த்தது நான்தான். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அக்காவின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், என் மடியில் ஒன்றும் வந்து விழுந்து எவ்வளவோ காலம். பிள்ளை வந்ததிலிருந்து ஒரு குழப்படி இல்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவினாள். அக்காவின் பெடியள் மாமரத்தில் ஏறினார்கள், இவள் கீழே நின்று பார்த்தாள். விறாந்தையில் கிடந்த கதிரைக்குக் கிட்டப் போய் நின்று, "அப்பம்மா, நான் இதிலை இருக்கலாமோ?" என்று கேட்டாள். என்ன ஒழுக்கமான பிள்ளை என்று உன் அக்கா மெச்சினாள். நானும் முதலில் மெச்சினேன். பிறகுதான் யோசித்தேன். உன்னுடைய வீட்டில் நீ எப்போதாவது கதிரையில் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறாயா? கதிரையின் காலை உடைத்துவிட்டு ஒளித்து வைத்தவன் நீ. பிள்ளை தன் வீட்டில் குழப்படி செய்யும், அடம் பிடிக்கும், அடி வாங்கும். விருந்துக்கு வந்த இடத்தில்தான் இப்படி இருக்கும்.

அடுத்த நாள் காலையில் அவளுக்குத் தலை இழுத்தேன். எனக்குத் தெரிந்தபடி எண்ணெய் வைத்து ஒற்றைப் பின்னலாகப் பின்னிக் கட்டினேன். ஆடாமல் அசையாமல் இருந்தாள். சிக்கு இழுபட்டிருக்கும், ஒரு சத்தம் போடவில்லை. முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தபோது கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா இப்பிடிக் கட்டுறவ இல்லை. ஆனா இதுவும் நல்லம், அப்பம்மா" என்றாள். என் மனம் நோகக்கூடாது என்று அந்தப் பிள்ளை யோசித்துச் சொன்ன சொல் அது. ஆறு வயசுக் குழந்தை பெரிய மனுஷியைத் தேற்றுகிறது. நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். நீ பின்னேரம் வந்து, எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். நல்லாய் இருக்கிறாள், கரைச்சல் இல்லை என்று சொன்னேன். அதை நீ உடனே பிரக்கிராசியிடம் போய்ச் சொல்லியிருப்பாய்.

இப்போது நீ கோபப்படப்போகிற இடம். புதன்கிழமை நான் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போனேன். உன் அக்காவுக்கும் தெரியாது, அவளைக் கோபிக்காதே. பாக்கியம் என்னைப் படலையில் கண்டதும் திகைத்துப் போனாள். பிறகு, வாங்கோ மாமி, இருங்கோ என்று பாய் எடுத்துப் போட்டாள். ஆள் மெலிந்துவிட்டாள். உள்ளே சம்பந்தியார் கட்டிலில் கிடந்தார், பேச்சு வராது, என்னைக் கண்டு கண்ணால் கேட்டார். சரசு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். பாக்கியம் என்னைத் திட்டுவாள், தமையன் வந்து கத்துவான் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். திட்டினால் எனக்கு நல்லாய் இருந்திருக்கும், நானும் இரண்டு சொல் சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவள் தேத்தண்ணீர் போட்டுத் தந்துவிட்டு, தமையன் வழக்குப் பேச அப்புக்காத்து ஒருவரைப் பிடித்திருக்கிறார், ஆனால் கூப்பிட்டும் போகாதவள் என்ற கதை தன்னை விழுத்திவிடும் என்று அவரும் சொல்லிவிட்டார் என்றாள். உன் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. கடைசியில் நான் எழும்பும்போதுதான் கேட்டாள்.

"மாமி, வழக்கிலை ஆர் வெண்டாலும் வெல்லட்டும். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் எனக்கு ஆள் அனுப்புவியளோ?"

நான் ஓம் என்று சொன்னேன். அவள் கையைப் பிடித்து, ஓம் பிள்ளை, அனுப்பாமல் விடுவேனோ என்று சொன்னேன். அவள் நம்பினாள். படலை வரைக்கும் வந்து என்னை அனுப்பினாள். பஸ்ஸில் ஏறி இருந்து, அது ஓடத் தொடங்கின பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று எனக்கே உறைத்தது. ஆள் போக்குவரத்து வேண்டாம் என்று பிரக்கிராசி சொல்ல நீ தலையை ஆட்டினதை நான் கண்ணால் கண்டவள். நான் ஆள் அனுப்பினால் நீ என்னோடு சண்டைக்கு வருவாய். இது ஒன்று. இன்னொன்றையும் சொல்கிறேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ தடுக்காவிட்டாலும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். சரசுவுக்குக் காய்ச்சல் வந்தால் நானே பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவள் அப்பம்மா என்று என்னையே கூப்பிட வேண்டும் என்று எனக்குள்ளே ஒரு ஆசை இருந்தது. தாய் வந்து வாசலில் நின்றால் பிள்ளை என் கையை உதறிவிட்டு ஓடும். அதை நான் விரும்பவில்லை. பெற்றவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, பெற்றவள் மாதிரி இருக்க நான் ஆசைப்பட்டிருக்கிறேன், தம்பி. அதைத்தான் விறாந்தையில் இருந்து தலையாட்டினேன்.

அதனால் திங்கட்கிழமை நான் கூட்டில் ஏறி என்ன சொல்லப்போகிறேன் என்று உனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது முறை. பிள்ளையை வளர்ப்பீர்களா என்று கேட்டால், வளர்க்கமாட்டேன் என்று சொல்வேன். உடம்புக்கு ஏலாதோ என்று கேட்டால் ஏலும் என்பேன், அதில் பொய் சொல்ல வரவில்லை. பின்னே ஏன் என்று கேட்டால், பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள், அவள் நல்லாய் வளர்க்கிறாள், நான் போய்ப் பார்த்தேன் என்பேன். கொக்குவில் வீட்டைப் பற்றிக் கேட்டால், அந்த வீட்டில் ஒருநாளும் அடுப்பு மூட்டவில்லை என்பதையும் சொல்வேன். அதோடு உன் வழக்கு விழுந்துவிடும். பிரக்கிராசி என்னைப் பார்க்கிற பார்வையை இப்போதே நினைத்துப் பார்க்கிறேன். அது எனக்குப் பெரிதல்ல. நீ என்னைப் பார்க்கிற பார்வையைத்தான் நினைக்க முடியவில்லை. பெற்ற தாயே கோட்டில் ஏறி மகனை விழுத்தினாள் என்று ஊர் சொல்லும், நீயும் சொல்லுவாய். பிறகு நீ இந்தப் பக்கம் வரமாட்டாய். சரசுவை என்னிடம் அனுப்ப மானிப்பாயில் அவர்களுக்கும் ஒரு தேவையும் இருக்காது. உன்னையும் இழந்து அவளையும் இழந்துவிட்டு இந்தப் பக்கத்து அறையில் இருக்கப்போகிறவள் நான் என்று எனக்கு நல்லாய்த் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அதற்கு முதல் நீயே பிரக்கிராசியிடம் போய், பிள்ளையைக் கேட்கிற பகுதியை எடுத்துவிடச் சொன்னால், நான் கூட்டில் ஏறத் தேவையே இல்லை. கைவிட்டவள் என்ற கதையையும் எடுத்துவிடு. பிரிவதற்கு வேறு நேரான வழி இருந்தால் கேள், சட்டத்தை மாற்றுவார்கள் என்றால் மாற்றும்வரை பொறு. சும்மா பிரிந்தே இரு, யார் தடுத்தது? ஆனால் தகப்பனாக இருப்பதற்கு உனக்குக் கோட்டின் அனுமதி தேவையில்லை. மானிப்பாய்ப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நீ சைக்கிளில் போய் நின்றால் யார் உன்னைத் துரத்துவார்கள்? பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசல் மட்டும் கொண்டுபோய் விடு. உள்ளே கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டால் திரும்பி வா. முதல் சில நாள் முகம் கொடுக்கமாட்டார்கள். அந்த வீட்டில் உன்னைத் தள்ளி நில் என்று சொன்னது உனக்கு நொந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை உன்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருந்த நாட்களில் அவள் ஒரே ஒரு தடவைதான் ஓடினாள், தெரியுமா? பின்னேரம் உன் சைக்கிள் மணி கேட்டபோது. அப்போது மட்டும் யாரிடமும் கேட்காமல் ஓடினாள்.

உன் அப்பா இருந்திருந்தால் உன்னிடம் இதைப் பக்குவமாகச் சொல்லியிருப்பார். எனக்குப் பக்குவம் வராது, அது உனக்கும் என்னிடமிருந்து வந்ததுதான். கோபத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. ஆனால் இதை நான் கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாளாக எழுதுகிறேன், இடையிடையே எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். எழுதாமல் விட்டுவிட்டு, திங்கட்கிழமை பிரக்கிராசி சொன்ன மூன்று வசனத்தையும் சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று பலமுறை யோசித்தேன். நீ சந்தோஷமாக இருப்பாய், பிள்ளை என் பக்கத்தில் படுப்பாள். பாக்கியமும் மெல்ல மெல்ல ஆறிவிடுவாள் என்று என்னை நானே ஏய்க்கப் பார்த்தேன். ஆறமாட்டாள். உன்னை என்னிடமிருந்து யாராவது அப்படிக் கொண்டுபோயிருந்தால் நான் ஆறியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலையில் என்னைக் கோட்டுக்கு ஏற்ற வாடகைக் கார் வரும் என்று குமாஸ்தா சொன்னான். அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் வழக்கைக் கெடுக்கப்போகிற சாட்சி உன் காரில் ஏறி வருவது முறையல்ல. நான் பஸ்ஸில் வந்து, பெண்கள் நிற்கிற பக்கத்தில் நிற்பேன். நீ வந்து கதைக்கத் தேவையில்லை, தெரியாதவன் மாதிரி நின்றாலும் எனக்கு விளங்கும். கோட்டில் எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது, மத்தியானம் தாண்டியும் காக்க வைப்பார்கள். கோபத்தில் வெறும் வயிற்றோடு வந்து நிற்காதே, சாப்பிட்டுவிட்டு வா ராசா.

உன்னைப் பெற்றவள்